பனி விழுந்த மறுநாள் ஏன் நடக்க விடவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிப்ரவரியில் எங்களோடு மணாலி வந்தவர்களில் சிலருக்கு மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை என்று தெரியும். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மூன்றாம் நாள் வானம் பளிச்சென்று வெளுத்தது. அன்றைக்குப் பார்த்து, மணாலிக்குப் பக்கத்திலுள்ள சோலாங் பள்ளத்தாக்குக்கு மேலே பனியில் நடக்கும் திட்டத்தை நிறுத்தினோம். "பனி கொட்டும்போது அடைத்து வைத்தீர்கள், சரி. வெயில் அடிக்கும்போதும் அடைத்து வைப்பதா?" என்று தக்கலைக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல் கிட்டும் குளிரில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இந்த மடல்.

நம் கரையில் கள்ளக்கடல் என்பார்கள். இங்கே மேகமும் இருக்காது, காற்றும் இருக்காது. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை வந்து கரையேறும். பனி விழுந்த மறுநாள் மலையும் அந்த ரகம்தான்: வானம் தெளிந்திருக்கும், பனிச்சரிவு ஆபத்து தீர்ந்திருக்காது.

புதுப்பனி மட்டும் காரணமில்லை. பாதி வேலையைக் காற்று செய்கிறது. ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுவரின் ஒரு பக்கம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், மறுபக்கம் புழுதி குவிந்து கிடக்கும். மலைமுகட்டிலும் அப்படியே. எதிர்ப்பக்கத்துப் பனியைக் காற்று வாரிக்கொண்டு போய் மறைவுப் பக்கத்துச் சரிவில் கொட்டுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே பனி சேரும். சேர்ந்தது இறுகிப் பலகையாகிவிடும்.

அந்தப் பலகை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் வழிகாட்டி ஒருமுறை மண்வாரியால் குழி தோண்டிக் காட்டினார். மேலே ஒரு முழத்துக்குக் கெட்டிப் பனி, கட்டியாக வெட்டுப்பட்டது. அடியில் பார்த்தால் சீனி! கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்தது. உருண்டை பிடிக்க வரவில்லை. சீனியைப் பரப்பி, அதன்மேல் கடப்பைக் கல்லை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்த்துப் பாருங்கள். பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில், பலகையை உடைத்தது அவர்களோ கூட வந்தவர்களோ வைத்த காலடிதான்.

இதற்குச் செங்குத்தான மலை வேண்டியதில்லை. 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்கள்தான் மோசம். உங்கள் வீட்டு மாடிப்படியே ஏறக்குறைய 30 பாகை இருக்கும். சமதளத்தில் நிற்பவரும் தப்பியதாக எண்ணக்கூடாது, மேலே சரிவு இருந்தால் அது கீழே வரும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் இறந்த 7 பேரும் சுற்றுலாப் பயணிகள், மலையேற்ற வீரர்கள் அல்லர்.

புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரைமணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. சரிந்து வந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும். மணாலியிலிருந்து மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க அங்கே நேரமில்லை. ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். முதன்முதலாகப் பனியைப் பார்க்க வருகிற குடும்பங்களிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே இனி இதுதான் வழக்கம். கனத்த பனியோ பலத்த காற்றோ அடித்து ஓய்ந்தபின் குறைந்தது இரண்டு நாள் சரிவுப் பக்கம் போக மாட்டோம். சண்டிகரிலுள்ள ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்ப்போம். எச்சரிக்கை தணிந்திருந்தாலும், வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நடக்கும்போது காலடியில் 'வும்' என்ற முனகல் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ அந்த இடத்திலேயே திரும்பிவிடுவோம். அப்போது யாரும் படமெடுக்க நிற்க வேண்டாம்.

அன்றைக்கு மாற்றாக வசிஷ்ட் வெந்நீர் ஊற்றையும் ஹடிம்பா கோயிலையும்தான் காட்ட முடிந்தது. அது ஈடாகாது என்பது எங்களுக்கும் தெரியும். நடைக்கு வாங்கிய வழிகாட்டிக் கட்டணத்தையும் பூட்ஸ் வாடகையையும் வடசேரி அலுவலகத்தில் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம். ரசீதைத் தொலைத்தவர்களும் வாருங்கள், பெயர்ப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது.