டைனமோக் காலத்துக் காது

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

சுகமா? வீட்டில் எல்லாரும் சுகமா? நீ அனுப்பின குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் கோயில் மேடைக்குப் பின்னால் நின்று கேட்டதால் பாதி விளங்கவில்லை. இரவு வீட்டுக்கு வந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டபோதுதான் நீ லண்டனில் அப்பலோ மண்டபத்துக்குக் கச்சேரி கேட்கப் போய்வந்த கதை முழுதாகப் பிடிபட்டது. அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்ட கேள்வி. "இப்ப என்னடா பாக்கிறாய், என்ன கேக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் தட்டினால் இரண்டு வரியோடு முடிந்துவிடும் என்று கொப்பியில் எழுதுகிறேன். மகள் படம் எடுத்து அனுப்புவாள்.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் வெட்டுக்கு நிற்கிறது. பாலைப்பழக் காலம் முடிந்துவிட்டது. கடைசியாக வாங்கின ஒரு சுண்டுப் பழத்தையும் மகள் தனியே தின்றுவிட்டு, ஒட்டின உதட்டைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். திருவிழாக் காலம் என்பதால் எனக்கு வேலை கூட. 4 ஸ்பீக்கர் பொக்ஸோடு தொடங்கின சவுண்ட் சேவிஸ் இப்போது 16 பொக்ஸ். முதுகும் 16 துண்டாகத்தான் இருக்கிறது.

மல்லாவிக் கொட்டில் நினைவிருக்கிறதா? 1996இல் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடிப்போய் இருந்தோமே, அந்த ஓலைக் கொட்டில். பற்றரி தடை. கரண்ட் என்பது கதையில் வருகிற சாமான். உன் அப்பாவின் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோத் தலையைப் பின் சில்லில் படியவைத்து, பழைய றேடியோ ஒன்றிலிருந்து நீ கழற்றின 4 டயோடை ஒட்டி, ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்தாய். மூளை உன்னுடையது. பெடலைச் சுற்றின கை என்னுடையது. கை மாற்றுகிற அந்த ஒரு நொடியில் எஸ்.பி.பி.யின் குரல் அரக்கன் குரலாக இறங்கும். நீ "சுத்தடா!" என்று கத்துவாய். திரும்ப வேகம் பிடிக்கும்போது அவர் மெல்ல மெல்ல மனிதராவார். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் அது எவ்வளவு நீளம் என்று என் தோள்மூட்டுக்குத் தெரியும்.

அந்தப் பாட்டுகளில் பாதிக்கு யார் நடித்தார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. படம் பார்க்க வழியில்லை. நாங்களே படம் எடுத்தோம். எல்லாப் பாட்டிலும் ஒரு குளம் வரும், வவுனிக்குளம் மாதிரி. பிறகு சமாதான காலத்தில் அந்தப் படங்களைப் பார்த்தபோது எவ்வளவு ஏமாற்றம்! நான் குளக்கட்டில் நடக்கவிட்டிருந்த பெண்ணை அவர்கள் ஊட்டியில் குதிக்கவிட்டிருந்தார்கள்.

அதனால்தான் மச்சான், இந்த வீடியோ விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன். காது தானாக எடுக்கிற படத்தை வெல்ல வேண்டும். வெல்லாவிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பேன். இப்போது வருகிற சினிமாப் பாட்டு வீடியோக்களில் பத்துக்கு எட்டு கவிழ்த்து வைக்கத்தான். அதிலும் எழுத்துப் பறந்து வருகிற லிரிக் வீடியோ என்றால் எனக்கு எரிச்சல். பாடுகிறவன் சொல்லை விழுங்கினால்தானே எழுதிக் காட்ட வேண்டும்?

வென்றவற்றைச் சொல்கிறேன். முதலாவது ராப் பாடுகிற அந்த மலையாளப் பெடியன், ஹனுமன்கைண்ட். 2024 ஆடியில் வந்த 'பிக் டாக்ஸ்'. நீ பார்த்திருப்பாய், உலகமே பார்த்தது. கேரளத்தில் பொன்னானி என்ற ஊரில், மரணக் கிணற்றுக்குள்ளேயே எடுத்தது. பாட்டு முழுக்க இங்கிலீசில் வேகமாகக் கொட்டுவதால் எனக்குக் கால்வாசிதான் பிடிபடும். அது பரவாயில்லை. அவன் அடியில் நின்று பாட, சுற்றிவரச் சுவரில் மோட்டார் சைக்கிள்களும் காரும் ஓடுகின்றன. கொம்பியூட்டர் வேலை இல்லை, உண்மையாகவே ஓடுகிறார்கள்.

எனக்கு அது ஏன் ஒட்டிக்கொண்டது என்றால், போன வருடம் இங்கே ஒரு கார்னிவலுக்கு மரணக் கிணறு வந்தது. ஒலிபெருக்கி என்னுடையது. 5 இரவும் விளிம்பில் நின்று பார்த்தேன். கீழிருந்து ஏறும்போது பலகைகள் தனித்தனியாகத் தட்டும். வேகம் கூடக் கூட அந்தத் தட்டல் ஒன்றோடொன்று சேர்ந்து, தவில்காரன் உருட்டுகிற மாதிரி ஒரே சத்தமாகிவிடும். நாங்கள் நிற்கிற படி முழுக்க நடுங்கும். சனம் 100 ரூபாய்த் தாளை நீட்ட, ஓடுகிறவன் ஹாண்டிலில் இருந்து கையை எடுத்து, பக்கவாட்டில் கிடந்தபடி வந்து பறித்துக்கொண்டு போவான். இறங்கின பிறகு அவனோடு கதைத்தேன். பயம் இல்லையா என்றேன். "சில்லு சுத்திற வரைக்கும் ஒண்டும் இல்லை அண்ணை" என்றான். எனக்கு உடனே உன் அப்பாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் நிறுத்தியிருந்தால் எஸ்.பி.பி. மட்டும்தான் விழுந்திருப்பார்.

அதே பெடியன் 2025 சித்திரையில் அமெரிக்காவில் கோச்செல்லா விழாவில் ஏறினான், செண்டை மேளக்காரரைக் கூட்டிக்கொண்டு. தோளில் தொங்கவிட்ட செண்டையோடு அவர்கள் வரிசையாக நிற்கிற அழகுக்காகவே பார். இணுவிலிலும் அளவெட்டியிலும் இருக்கிற எங்கள் தவில்காரரில் நாலு பேரை இப்படி ஒருவன் கூட்டிக்கொண்டு போகமாட்டானா என்று வயிறு எரிந்தது. சரி, அது வேறு கதை.

இரண்டாவது பழையதுதான், 2021 பங்குனியில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடினது, சந்தோஷ் நாராயணன் இசை. நாலு வருடத்துக்குப் பிறகும் என் போனில் அழியாமல் கிடப்பதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அம்மம்மா. உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு வந்து குடியிருப்பவர். 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்த குடும்பம். அவருடைய அக்கா அதற்கு முதலே, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில், தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியா போனவர். இலங்கையும் இந்தியாவும் செய்த அந்த 1964 ஒப்பந்தத்தில் மலையகச் சனத்தில் 5,25,000 பேரை அந்தப் பக்கம் என்றும் 3,00,000 பேரை இந்தப் பக்கம் என்றும் பிரித்தார்கள். அக்கா ஒரு பக்கக் கணக்கு, தங்கச்சி மறு பக்கக் கணக்கு.

ஒருநாள் அவர் வீட்டு றேடியோவைத் திருத்தப் போனபோது, தேத்தண்ணி வரும்வரை இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்தானே. வீடியோவில் அவர் வருகிற இடத்தில் நிறுத்தி, "அம்மம்மா, இவரும் உங்கட பக்கத்தில கொழுந்து பறிச்சவர்" என்றேன். போனை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்துப் பார்த்தார். பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. "எந்தத் தோட்டமாம்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லுங்க தம்பி." இப்போதும் வேலிக்குள்ளால் என்னைக் கண்டால், "கேட்டீங்களா?" என்பார். அந்தப் பாட்டில் குலவையும் ஒப்பாரியும் கலந்திருக்கிறது என்று நான் பெரிதாக விளக்கம் வைத்திருந்தேன். அதைச் சொல்ல இன்னும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

இனி என் தொழிலோடு சேர்ந்த ஒன்று. வாஷிங்டனில் என்.பி.ஆர். என்ற வானொலி நிலையத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் கச்சேரி வைக்கிறார்களே, 'டைனி டெஸ்க்', 2008இல் இருந்து. பின்னால் புத்தகத் தட்டுகள், பொம்மைகள், குப்பை மாதிரி ஏதேதோ சாமான்கள். எனக்குப் பிடித்தது அங்கே இல்லாத சாமான்தான். பாடுகிறவனின் குரலுக்குப் பொக்ஸ் கிடையாது! பதிவுக்கு மட்டும்தான் மைக். ட்ரம்ஸ்காரன் ஓங்கி அடித்தால் பாடகனுக்குத் தன் குரலே கேட்காது. அதனால் எல்லாரும் கையை அடக்கி, ஒருவரை ஒருவர் கவனித்து வாசிக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அங்கே வந்து சின்னப்பிள்ளை மாதிரிக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சந்தோசம். 2024 ஐப்பசியில் ஆர்ஜென்ரீனாவில் இருந்து கட்ரியேலும் பாகோ அமொரோசோவும் என்று இரண்டு பெடியள் வந்தார்கள். கோமாளி உடுப்பு. ஒரு சொல் விளங்காது, ஆனால் அந்த பேஸ் கிற்றாரையும் ட்ரம்ஸையும் ஹெட்போனில் கேள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து பார்த்த கிழவர்கள், அந்தக் காலத்தில் மைக் இல்லாமலே கூத்தை நடத்துகிற அண்ணாவியாரின் குரல் கடைசிப் பாய்க்கும் கேட்கும் என்பார்கள். நான் பொக்ஸ் வாடகைக்கு விடுகிறவன், இதை அதிகம் சொல்லக்கூடாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் பார்த்தேன். இந்த வருடம் ஒரு கோயிலில் இசைக்குழு ஒன்று. பெயர் வேண்டாம். பாடகர் பென் டிரைவை என் கையில் தந்து, "அண்ணை, மைக்கைக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ" என்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டாவது பாட்டில் பென் டிரைவ் சிக்கிக்கொண்டது. பாட்டு நின்று ஒரு பத்து விநாடிக்கு அவர் வாய் மட்டும் உருக்கமாக அசைந்தது. முன்வரிசைப் பெடியள் பேயாட்டம். ஏச்சு வாங்கினது சவுண்ட்காரன்.

யாழ்ப்பாணம் முற்றவெளிக்கும் போனேன், 2023 ஐப்பசியில், சந்தோஷ் நாராயணனின் 'யாழ் கானம்' கச்சேரிக்கு. பாட்டைவிட நான் தொங்கவிட்ட பொக்ஸ்களைத்தான் அதிகம் பார்த்தேன் என்று மனிசி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். உண்மைதான். ஆனால் ஒருமுறை கண்ணை மூடினேன். அவ்வளவு சனம் ஒன்றாகப் பாடும்போது சத்தம் மேடையில் இருந்து வராது, முதுகுப் பக்கமிருந்து வரும். அதை எந்தப் போனும் பிடிக்காது.

மகளின் தெரிவு ஓகே கோ என்ற அமெரிக்க இசைக்குழு. 2006இல் ட்ரெட்மில்லில் ஆடின அதே ஆட்கள். 2025இல் 64 போன்களை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீடியோவை ஓடவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே படமாக வருகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். அவள் வாயைப் பிளந்து பார்க்கிறாள். 64 போனையும் யார் சார்ஜ் போட்டது என்று நான் கேட்டேன். "அப்பா, நீங்கள் இதைத்தானா பாக்கிறியள்?" என்றாள்.

இனி உன் விஷயம். 2025 மார்ச் 8, அப்பலோ மண்டபம், ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி. எங்கள் ரேப்பில் சுற்றினது முக்கால்வாசியும் அந்த மனிசனின் பாட்டு. அவரே நிற்கிற மண்டபத்தில் நீ இருந்திருக்கிறாய். குரல் பதிவில் என்ன சொன்னாய்? "சொல்ல ஏலாது மச்சான், வீடியோ அனுப்புறன்." அனுப்பினாய். 40 விநாடி. 25 விநாடிக்கு முன்னால் இருந்தவரின் வழுக்கை, மிச்சத்துக்கு உன் பெருவிரல். சத்தம் கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி.

அதை அழித்துவிட்டேன், கோபிக்காதே. எனக்கு வேண்டியது வேறு. வயலின்காரர் எத்தனை வரிசை? புல்லாங்குழல் எந்தப் பக்கம்? வாசிக்கத் தொடங்க முதல் மண்டபம் அடங்கினதா, இல்லை எங்கள் சனம் கதைத்துக்கொண்டே இருந்ததா? முதல் சத்தம் எதிலிருந்து வந்தது? நீ எந்த இடத்தில் அழுதாய்? அழவில்லை என்று எழுதாதே, குரல் பதிவிலேயே மூக்குறிஞ்சுவது கேட்கிறது. படத்தை நான் பார்த்துக்கொள்வேன், நீ எழுது. நாலு பக்கமாவது வேண்டும். கை நோகுது என்று சாட்டுச் சொல்லாதே, பெடல் சுற்றினது நான்.

உன் பழைய கூட்டாளி