போத்தல் வாங்கவும் காசு வேண்டும்: கடன் பரிசீலனைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பிளாஸ்ரிக் மீள்சுழற்சித் தொழிலுக்கான எங்கள் கடன் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில் "மூலப்பொருள் கொள்வனவு, இரண்டு மாதங்களுக்கு" என்ற வரியைச் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டி, ஓரத்தில் "கடனுக்குள் அடங்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேலே, மெசின் என்ற வரியில் அழகாகச் சரி போட்டிருக்கிறீர்கள். மற்ற விபரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆகவே அந்த வெட்டிய வரியைப் பற்றி மட்டும் பேச அனுமதி தாருங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: மெசினுக்குத் தரும் கடனோடு போத்தல் வாங்கும் கைமுதலையும் சேர்த்துத் தாருங்கள். கைமுதல் இல்லாத இடத்தில் நிற்கும் கிறஷர் (போத்தல் அரைக்கும் மெசின்) கடைசியில் பழைய இரும்புக்காரரின் லொறியில்தான் ஏறும். அப்போது உங்கள் கடனும் அதே லொறியில்தான் போகும்.

கணக்கைப் பாருங்கள். சிறிய பட்டறை ஒன்று நாளுக்கு 400 கிலோ பெட் போத்தல் (தண்ணீர், சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்ரிக்தான் பெட்) அரைக்கிறது என்று வைப்போம். பத்துக் குதிரைவலு மோட்டர் பூட்டிய கிறஷருக்கு அது இரண்டு மூன்று மணித்தியால வேலை. மிச்ச நேரம் முழுக்கத் தரம் பிரிப்பதிலும் கழுவுவதிலும் போகும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 18 கிராம் அளவில் நிற்கும். ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்கள் 25 முதல் 35 கிராம். கலந்து நிறுத்தால் கிலோவுக்கு 40, 45 போத்தல். ஆக, நாளொன்றுக்கு 16,000 முதல் 18,000 போத்தல் படலைக்குள் வரவேண்டும். 25 வேலை நாளில் 10 தொன். மூடி, லேபல், மண், உள்ளே கிடக்கும் தண்ணீர், அரைக்கும்போது பறக்கும் தூள் எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது 70, 75 வீதம். அதாவது ஏழு தொன்னுக்குச் சற்று மேலே செதில், அரைத்தெடுத்த பிளாஸ்ரிக் துண்டு. ஒரு லொறி லோட்.

அந்த லொறி கொழும்புப் பக்கம் போய், நிறுத்து, மாதிரி எடுத்துப் பார்த்து, பற்றுச்சீட்டு எழுதி, அதற்குப் பிறகு 30 நாளில் காசோலை. முதல் போத்தல் வாங்கிய நாளில் இருந்து முதல் ரூபா கணக்கில் விழும்வரை இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் மெசினை மூடிவைக்க முடியாது. கொள்வனவு விலை மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு பேச்சுக்குக் கிலோ 60 ரூபா என்று போடுங்கள். 20 தொன்னுக்கு 12 இலட்சம். ஐந்து பேருக்கு ஆளுக்கு நாள் 2,500 ரூபா கூலி என்றால் 50 நாளுக்கு 6 இலட்சத்து 25 ஆயிரம். கரண்ட் பில்லும் டீசலும் வேறு. நீங்கள் வெட்டிய வரி இதுதான். ஆடம்பரச் செலவு எதையும் அதற்குள் நாங்கள் ஒளித்துவைக்கவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு இப்படியான ஒரு வளவின் படலையடியில் வந்து நின்று பாருங்கள். சைக்கிள் கரியரில் இரண்டு உரப்பை, காலால் மிதித்து நசித்துக் கட்டியது, 12 கிலோ. தராசில் வைத்ததும் 720 ரூபா. கொண்டுவந்தவருக்கு அது இரவுச் சமையலுக்கான காசு. போகும் வழியில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்க வேண்டும். அவரிடம் "கொழும்புக் காசோலை வந்ததும் தருகிறோம்" என்று சொல்ல முடியுமா? இரண்டு நாள் பொறுப்பார். மூன்றாம் நாள் அடுத்த ஒழுங்கையில் கிலோ 45 ரூபாவுக்குக் கையில் எண்ணிக் கொடுப்பவரிடம் போவார். போகத்தான் வேண்டும். பதினைந்து ரூபா கூட்டித் தருவதாகச் சொன்ன நாங்கள் சரியான விலைக்காரர், ஆனால் கையில் காசில்லாதவர். இந்தத் தொழிலில் கடனுக்குப் பொருள் தருகிறவர் எவருமில்லை. வாங்குகிறவர் எல்லோருமே கடன் கேட்பவர். நடுவில் நிற்பவருக்குக் கைமுதல் இல்லாவிட்டால் போத்தல்கள் மறுபடியும் வாய்க்காலுக்கோ, பின்வளவில் கொளுத்தும் குவியலுக்கோ, கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்கோதான் போகும்.

படலையடியில் காசை எண்ணி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்றும் இல்லை. மூடி திறந்து பார்க்காமல் நிறுத்தால் போயிற்று: ஒரு போத்தலுக்குள் கால் லீற்றர் தண்ணீர் கிடந்தால் அது 250 கிராம், கிட்டத்தட்டப் பதினான்கு வெறும் அரை லீற்றர் போத்தலின் பாரம். தீவுப் பகுதிக் கரைகளில் பொறுக்கி வருவதில் மணல் இருக்கும். மணல் பிளேட்டைத் தின்னும். சுழலும் பிளேட்டுக்கும் அசையாப் பிளேட்டுக்கும் நடுவில் இடைவெளி அரை மில்லிமீற்றருக்குக் கீழே நிற்க வேண்டும்; முனை மழுங்கினால் அது வெட்டாது, கிழிக்கும். கிழித்தால் தூள் கூடும், தூள் கழுவும் தண்ணீரோடு போகும், 75 வீதம் 65 ஆகும். அதனால்தான் விண்ணப்பத்தில் இரண்டாவது பிளேட் தொகுதி கேட்டிருந்தோம். ஒன்று தீட்டப் போனால் மற்றது ஓட வேண்டும். "உதிரிப்பாகம் பிறகு பார்க்கலாம்" என்ற உங்கள் குறிப்பு கிடைத்தது, நன்றி.

கழுவும் பகுதியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் விலை கூடுவதும் குறைவதும். பெட் தண்ணீரில் தாழும், மூடியின் பிளாஸ்ரிக் மிதக்கும். ஆகையால் முதல் தொட்டியிலேயே மூடிச் செதிலை மேலே வழித்தெடுக்கலாம். பீவீசீ (தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்ரிக்) மட்டும் பெட்டோடு சேர்ந்து தாழும். அதைத் தண்ணீர் பிரிக்காது, மேசையில் நிற்பவரின் கண்தான் பிரிக்கும். வாங்குகிற கொம்பனி ஒரு கிண்ணம் செதிலை 220 பாகை அளவில் அரை மணித்தியாலம் சூளையில் வைத்துப் பார்க்கும். பீவீசீ இருந்தால் அது மண்ணிறமாகி, கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தால் லோட்டைக் கழித்த விலைக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் 400 கிலோமீற்றர் திருப்பி ஏற்ற வேண்டும். லேபலின் பசை போக 80 பாகைக்கு மேல் சூடான தண்ணீரில் ஒரு வீதம், இரண்டு வீதம் காஸ்டிக் சோடா சேர்த்துக் கழுவ வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டுவது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். சூடாக்கும் கம்பியிலும் அதே படைதான். மாதமொருமுறை சுரண்டாவிட்டால் கரண்ட் பில் ஏறும், கம்பியும் எரியும். (ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பைக்கொண்டு பரந்தனில் காஸ்டிக் சோடா செய்தார்கள். இன்று மூட்டையைக் கொழும்பில் இருந்து இறக்குகிறோம்.)

கழுவிய தண்ணீர் காரத் தண்ணீர். அமிலம் சேர்த்து நடுநிலைப்படுத்தி, மண்டி தாழவிட்டு, திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டும். கண்டபடி மண்ணில் ஊற்றினால் சுண்ணாம்புப் பாறை வெடிப்பால் அது அயல் கிணற்றுக்குத்தான் போகும். ஆறில்லாத ஊர் இது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட பிறகும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே மூன்று அறைத் தொட்டி கேட்டோம். அதைக் "கட்டட வேலை" என்று நீக்கிவிட்டீர்கள். தொட்டி இல்லாமல் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கிடைக்காது. உரிமம் இல்லாமல் நீங்கள் கடன் தரமாட்டீர்கள். கடன் இல்லாமல் தொட்டி எழும்பாது. பைத்தியம் தெளிந்தால் கலியாணம், கலியாணம் நடந்தால் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

"போத்தலை அப்படியே கொழும்புக்கு அனுப்பினால் என்ன, இங்கே ஏன் அரைக்க வேண்டும்?" என்ற கேள்வியும் ஓரத்தில் இருக்கிறது. நசிக்காத போத்தல் ஒரு கனமீற்றருக்கு 30 கிலோவைத் தாண்டாது. இருபது கனமீற்றர் பெட்டியுள்ள லொறியில் 600 கிலோ, மிச்சமெல்லாம் காற்று. காற்றுக்கு டீசல் அடித்து ஏ9 வீதியில் ஓட்டக் கட்டுபடியாகாது. அவ்வளவுதான் பதில்.

இனி, கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். மேடைகளைப் பார்க்கிறோம். கிளீன் ஸ்ரீலங்கா என்று பதாகை கட்டுகிறோம், பதாகையும் பிளாஸ்ரிக்தான். பிளாஸ்ரிக் ஒழிப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் ஓர் அரை லீற்றர் போத்தல். பிளாஸ்ரிக்கில் இருந்து பெற்றோல் எடுப்பேன் என்று வருகிறவருக்குப் பொன்னாடை, படம், முலாம் பூசிய ஒரு கிண்ணம். (கிண்ணமும் பிளாஸ்ரிக். மேலே முலாம் இருப்பதால் அதை எந்த மீள்சுழற்சிக்காரரும் எடுக்க மாட்டார்.) தரம் பிரிக்கும் மேசைக்கும் தராசுக்கும் படலையடிக் காசுக்கும் கடன் கேட்பவர் படத்தில் அழகாக விழமாட்டார்தான். லஞ்சீற்றையும் ரெஜிபோம் பெட்டியையும் 2017இல் தடைசெய்தது நல்ல காரியம்; தண்ணீர்ப் போத்தலுக்குத் தடை வரவில்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் விற்கும் போத்தலை யாரோ ஒருவர் காசு கொடுத்து எடுத்தாக வேண்டும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

பிணை என்று நீங்கள் கேட்பது காணி உறுதியும் இரண்டு அரச உத்தியோகத்தரும். உறுதி இருக்கிற வளவுகளுக்குப் பங்காளிகள் கனடாவில் ஒருவர், சுவிஸில் இருவர். அற்றோணித் தத்துவம் வந்துசேர்வதற்குள் மெசின் விலைப்பட்டியல் காலாவதியாகிவிடும். கடைசியில் எல்லோரும் போவது அடகுக் கருமபீடத்துக்குத்தான். அங்கே தாலிக்கொடியை நீட்டினால் விண்ணப்பமும் இல்லை, ஒன்பதாம் பக்கமும் இல்லை, உடனே காசு. தொழில் தொடங்கத் தாலிக்கொடி வேண்டும் என்பதுதான் விதியென்றால் அதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சடித்துவிடலாம்.

அதைவிட நல்ல வழி இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நெல் ஆலைக்காரர்களுக்குக் களஞ்சியத்து நெல்லையே ஈடாக வைத்துக் கடன் கொடுக்கிறார்கள். நெல்லில் வண்டு விழும், எலி தின்னும், ஈரம் பட்டால் முளைக்கும். கழுவி உலர்த்திச் சாக்கில் கட்டிய பெட் செதிலுக்கு அந்த ஆபத்து ஒன்றுமில்லை. உக்காது என்பதுதானே பிளாஸ்ரிக் மேல் ஊரே வைக்கும் குற்றச்சாட்டு? ஈட்டுப் பொருளுக்கு அதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்? பயப்பட வேண்டியது இரண்டுக்குத்தான். ஒன்று தீ, அதற்குக் காப்புறுதி எடுக்கலாம், சாக்குகளைக் கூரைக்குக் கீழே இடைவெளி விட்டு அடுக்கலாம். மற்றது விலை, மசகு எண்ணெய் இறங்கினால் புதுப் பிளாஸ்ரிக் மலிந்து பழையதின் விலையும் இறங்கும். அதனால் முழுப் பெறுமதிக்கும் தரச் சொல்லவில்லை, 60 வீதத்துக்குத் தாருங்கள். நிறுத்த சாக்குகளுக்கு முத்திரை வையுங்கள், களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டு ஒரு திறப்பை நீங்களே வைத்திருங்கள். லோட் போய்ப் பற்றுச்சீட்டு வந்ததும், வாங்கிய கொம்பனியின் காசோலையை நேரே உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். அந்தக் காசு கழிந்ததும் அடுத்த கொள்வனவுக்குத் திரும்பத் திறந்துவிடுங்கள்.

தொட்டியையும் இரண்டாவது பிளேட் தொகுதியையும் திரும்பச் சேர்க்குமாறு கேட்கிறோம். மிதவைத் தொட்டியும் உராய்வுக் கழுவியும் இங்குள்ள லேத் பட்டறைகளிலேயே செய்யலாம், இறக்குமதியைவிட மலிவு. அந்தப் பட்டறைகளின் கைப் பில்லை ஏற்றுக்கொள்ளுங்கள். மும்முனைக் கரண்ட் இணைப்பும் உரிமமும் முதல் காசோலையும் வந்துசேரும்வரை, ஆறு மாதம் தவணைப் பணத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் எதையாவது தரமுடியாது என்றால் தொட்டியைத் தவிர மற்றவற்றைக் குறைத்துப் பேசலாம், முதலில் கழுவாமல் பொதி கட்டி விற்பதோடு தொடங்கவும் ஆயத்தம். அப்படித் தொடங்கினாலும் படலையடிக் காசு வேண்டும். அதை மட்டும் குறைக்க முடியாது.

வெட்டாத ஒன்பதாம் பக்கத்தைப் புதிதாக அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறோம். வரியும் அதேதான், தொகையும் அதேதான். கிறஷரின் விலைப்பட்டியல் இந்த மாத முடிவோடு காலாவதியாகிறது. அதற்கு முன்னர், ஆம் என்றாலும் இல்லை என்றாலும், எழுத்தில் ஒரு பதிலைத் தயவுடன் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பிளாஸ்ரிக் மீள்சுழற்சித் தொழில் தொடங்கக் காத்திருப்போர்,
யாழ்ப்பாணம்.