பெரியப்பாவின் 'நல்ல இரத்தம்'

ஆசிரியருக்கு,

நாற்பது வருடமாகச் சுருட்டும் சிகரெட்டும் பிடிக்கும் எங்கள் பெரியப்பா, இரத்தப் பரிசோதனையில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் கூடி 18 என்றதும், "பார், நல்ல இரத்தம்!" என்று பெருமைப்பட்டார். உண்மையில் அது புகையின் வேலை. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால் ஒட்சிசன் போதாமல், உடல் கூடுதலாகச் செங்குழியங்களை உண்டாக்குகிறது. இரத்தமும் தடிக்கிறது. காய்ச்சல், புண் எதுவுமில்லாமலே அவருக்கு வெண்குழியங்களும், அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சீ.ஆர்.பி.யும் கூடியிருந்தன, உள்ளே ஓயாத அழற்சி. புகைத்தலை விட்டால் வெண்குழியங்கள் குறையத் தொடங்கும். சீ.ஆர்.பி. இறங்கத்தான் காலமெடுக்கும்.

21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்கக்கூடாதென 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் சந்திப் பெட்டிக்கடையிலோ சீருடைப் பெடியளுக்கும் தனிச் சிகரெட் கிடைக்கிறது, பற்றவைக்கக் கயிற்று நெருப்போடு. அதிகாரிகள் பாடசாலை விடும் நேரத்தில் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

வாசகர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்