சியாட்டிலிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து அதே நினைப்புதான்.

நான் நன்றாக இருக்கிறேன். சியாட்டிலில் இப்போது சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது, தூறல் நாளெல்லாம் விடுவதில்லை. வெளியில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ரசமும் முட்டையும்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது. 16 டாலர் பிரியாணி வாசலுக்கு வருவதற்குள் 30 டாலரைத் தொட்டுவிடுகிறது.

ஏன் என்று பக்கத்து வீட்டு எத்தியோப்பியர் சொன்னார். அவரும் டெலிவரிக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்து, இடித்து, காப்பி போட்டு, கூடவே பாப்கார்ன் தருவார்! 2024 ஜனவரியில் இந்த ஊரில் கூலிச் சட்டம் வந்தது. ஆர்டரில் இருக்கும் நேரத்துக்கு நிமிடத்துக்கு 44 சென்ட், மைலுக்கு 74 சென்ட், எப்படியும் 5 டாலருக்குக் குறையக் கூடாது என்று ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் உடனே பில்லில் 5 டாலர் போல ஏற்றின. ஜனங்கள் ஆர்டரைக் குறைத்தார்கள், டிப்ஸும் குறைந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் கூலி கூடியது, அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பதும் கூடியது. அந்தக் காத்திருப்புக்குக் காசு கிடையாது. பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் அவர் கைக்காசு. ஆனாலும் சட்டம் வேண்டும் என்கிறார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. மழையில் அரை மணி நேரம் ஒருவர் நமக்காக வண்டி ஓட்டினால், அதற்குரிய கூலியைக் கொடுக்கத்தானே வேண்டும்?

காப்பிக்கு முன்னால் சாம்பிராணி போடுவார். போன வாரம் அந்தப் புகை வந்ததும் நம் வீட்டு வெள்ளிக்கிழமை, நீ ஈரத்தலையோடு அறை அறையாகப் போவது எல்லாம் கண்முன் வந்துவிட்டது. பேச முடியவில்லை அம்மா, பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

சரி, தம்பி விஷயம். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், பெட்ரோல், வண்டித் தவணை எல்லாவற்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொல். கழித்தபின் மிஞ்சுவதுதான் அவன் சம்பளம். நம் அரசு டெலிவரிக்காரர்களுக்கென்று நலவாரியம் அமைத்திருக்கிறது, அதில் பதிந்துகொள்ளட்டும். ஹெல்மெட் இல்லாமல் அனுப்பாதே.

இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல் வரும். வங்கியில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. அக்கா வளைகாப்புச் சேலைக்கு மாமாவிடம் வாங்கிக்கொள், நான் அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். அப்புறம், பெரியப்பா வீட்டுக்கு நேரில் போய் அழை. போன தடவை போனில் சொன்னதற்கே வருத்தப்பட்டார்.

உன் மகன்,
குமார்