விசில் ஊதுபவருக்கு ஒரு குளோசப்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த விளையாட்டுப் படங்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். கதாநாயகன், கோச், எதிரணி கேப்டன், கண்கலங்கும் அம்மா, கேலரியில் கைதட்டும் காதலி என்று எல்லோருக்கும் ஒரு பத்தி இருந்தது. நடுவருக்கு மட்டும் அரை வரி: ‘வழக்கம்போல விலைபோன ரெஃப்ரி.’ பதினெட்டு வருடம் வார இறுதிகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அம்பயராக நின்றவன் நான். அந்த அரை வரியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

கட்டுரையாளர் மேல் குறை சொல்லவில்லை. படங்களில் இருப்பதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். சினிமாவில் நடுவருக்கு இரண்டே வேடம். ஒன்று, மேஜை நாற்காலி மாதிரி ஓரமாக இருப்பது. குத்துச்சண்டைப் படங்களைப் பாருங்கள். ரெஃப்ரியின் வேலை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவது. அதையும் ஒழுங்காக எண்ண விடமாட்டார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கதாநாயகனின் பிள்ளைப்பருவம் முழுக்க ஓடி முடிந்துவிடும். முகம் கிழிந்து ஒரு கண் மூடிப்போனவனை எழுப்பி இன்னும் நான்கு ரவுண்டு ஆடவிடுவார்கள், நாமும் விசிலடிப்போம். நிஜ வளையத்தில் ரெஃப்ரி இருப்பதே அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தத்தான். 1962-இல் எமில் கிரிஃபித்தோடு மோதிய பென்னி பாரெட், கயிற்றோரம் சிக்கி வாங்கிய அடியில் நினைவிழந்து சில நாளில் இறந்துபோனார். ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டீன் நிறுத்தத் தாமதித்தார் என்ற பேச்சு அவரைக் கடைசிவரை விடவில்லை. கோல்ட்ஸ்டீன் அனுபவமில்லாத ஆளும் இல்லை, பெயர் பெற்ற ரெஃப்ரி. எப்போது நிறுத்துவது என்ற அந்த ஒரு முடிவில் ஒரு முழுப் படத்துக்கான கதை இருக்கிறது. ஆனால் படங்களில் ரெஃப்ரி கையை வீசி எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

இரண்டாவது வேடம் தெரிந்ததுதான். விஐபி இருக்கையில் வில்லன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்வார், கட் பண்ணினால் ரெஃப்ரி எச்சில் விழுங்குவார். கையூட்டு வாங்கியாயிற்று என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். விலைபோன நடுவர்களே உலகத்தில் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரின் ரெஃப்ரி டிம் டொனகி சூதாட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 மாதத் தண்டனை பெற்றார். 2006-இல் இத்தாலியக் கால்பந்தை உலுக்கிய ஊழலில் வெளிவந்தவை, எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃப்ரியைப் போடுவது என்பது பற்றிய தொலைபேசிப் பேச்சுகள். விசில் ஊதுவதற்குப் பல நாள் முன்பே காரியம் நடந்திருக்கிறது. அப்படி ஒன்றைப் படமாக எடுத்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அதற்கு அலுவலகம், ஃபோன், நியமனப் பட்டியல் என்று எழுத வேண்டும். கறுப்புக் கண்ணாடி சுலபம்.

எனக்கு உண்மையில் உறுத்துவது இது இரண்டும் இல்லை, கேமரா செய்கிற தந்திரம். எதிரணிக்காரன் முழங்கையால் இடிப்பதை நமக்கு மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள். அதில் ஒன்று ஸ்லோமோஷன், ஒன்று புல் மட்டத்திலிருந்து. அடுத்த ஷாட்டில் ரெஃப்ரி ‘ஆடுங்கள்’ என்று கை காட்டுகிறார். தியேட்டரே கொதிக்கிறது. ஒரு முறையாவது அந்த ரெஃப்ரி நின்ற இடத்தில் கேமராவை வைத்தார்களா? வைத்திருந்தால் அங்கிருந்து தெரிவது நான்கு முதுகும் ஒரு தூசிப்படலமும்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று படம் நம்மை நம்பவைக்கிறது. அப்புறம் அவர் குருடர், இல்லையென்றால் கையூட்டு வாங்கியவர். வேறு முடிவுக்கு வழியே இல்லை.

அம்பயருக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன். பந்துவீச்சாளர் ஓடிவந்து கால் ஊன்றும்போது நம் கண் தரையில், கிரீஸ் கோட்டின் மேல் இருக்கும். முன்காலைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினால் பந்து ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும். 140 கிலோமீட்டர் வேகப்பந்து மட்டையாளரை அடைய ஏறக்குறைய அரை வினாடி. அதற்குள் எங்கே குத்தியது, காலில் எந்த இடத்தில் பட்டது, அதற்கு முன் மட்டையில் உரசியதா என்று எல்லாம் பார்த்தாக வேண்டும். உரசலைக் கண்ணைவிடக் காதுதான் கண்டுபிடிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பதினோரு பேரும் ஒன்றாகக் கத்துவார்கள். ஆஃப்சைடு பார்க்கும் கால்பந்து லைன்ஸ்மேன் பாடு இன்னும் மோசம். பாஸ் கொடுப்பவனின் கால் ஒரு பக்கம், கடைசித் தடுப்பாட்டக்காரன் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நொடியில் பார்க்க மனிதக் கண்ணுக்கு அமைப்பு இல்லை. அதனால்தான் நிஜ கிரிக்கெட் 1992-லேயே அம்பயருக்கு டிவியைக் கொடுத்துவிட்டது. டர்பன் டெஸ்டில் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனது ரீப்ளே பார்த்துத்தான். சினிமாவோ டிவியை ரசிகர் கையில் கொடுத்து, அம்பயரைத் திட்டச் சொல்கிறது.

இதே விஷயத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை முரளிதரனுடையது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். அம்பயர் டேரல் ஹேர் ஏழு முறை நோபால் கொடுத்தார், முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று. நானும் முரளி கட்சிதான், அதில் சந்தேகம் வேண்டாம். அன்று ஹேர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆனால் அந்த நாளை ஒரு அம்பயராக யோசித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இலங்கை கேப்டன் ரணதுங்க முரளியை முனை மாற்றினார். அந்த முனையில் நின்ற ஸ்டீவ் டன் நோபால் கொடுக்கவில்லை. ஒரே பந்துவீச்சாளர், ஒரே நாள், இரண்டு அம்பயர்கள், இரண்டு பதில். பின்னாளில் ஆய்வகத்தில் அதிவேக கேமராக்கள் வைத்து அளந்த பிறகுதான், மற்ற பந்துவீச்சாளர்களின் முழங்கையும் கொஞ்சம் நீள்கிறது என்பது தெரியவந்தது. எல்லோருக்கும் 15 டிகிரி வரை அனுமதி என்று விதியே மாறியது. மைதானத்தில் நின்ற இருவரிடமும் இருந்தது வெறும் கண். தேநீர் இடைவேளையில் அந்த இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள்? முரளியை வைத்து எத்தனை படம் வந்தாலும் நான் பார்க்க ஆசைப்படும் காட்சி அதுதான். ஹேரை நல்லவராக்க வேண்டாம். அவருக்கும் இரண்டு வசனம் கொடுத்தால் போதும்.

நல்ல உதாரணமே இல்லையா என்று கேட்டால், உண்டு. வரிக்காகக் கிராமத்தார் வெள்ளைக்காரர்களோடு கிரிக்கெட் ஆடும் ‘லகான்’ படத்தை இருபது தடவை பார்த்தவர்கள்கூடக் கவனிக்காத ஒருவர் அதில் இருக்கிறார். கடைசிப் பந்தில் கிராமத்து அணியின் கச்ரா ஒரே ஒரு ரன் எடுக்கிறான். வெள்ளைக்கார அணி ஜெயித்துவிட்டதாகக் குதிக்கிறது. அப்போது பார்த்தால் அம்பயரின் கை நோபால் என்று நீண்டிருக்கிறது. அவரும் வெள்ளைக்காரர்தான். அந்தக் கை நீளாவிட்டால் கதாநாயகன் புவனுடைய கடைசி அடியே கிடையாது, மூன்று மடங்கு வரியைக் கட்டியிருக்க வேண்டியதுதான். ஆட்சியே அநியாயம் என்று சொல்லும் படத்தில், ஆட்சியின் ஆள் ஒருவர் விதியை விதியாகப் பார்க்கிறார். அவரைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. நமக்குச் சாதகமாக வந்ததால் அது அம்பயரின் முடிவாகவே தெரியவில்லை, கடவுள் கொடுத்ததாகத் தெரிகிறது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவும் சோவியத்தும் மோதிய கூடைப்பந்து இறுதிப் போட்டியும் அப்படித்தான். கடைசி மூன்று வினாடியைத் திரும்பத் திரும்ப ஆடவிட்டார்கள், சோவியத் அணி 51-50 என்று வென்றது. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. 2017-இல் அந்த வெற்றியைப் பற்றி ரஷ்யாவில் ஒரு படம் வந்து பிரமாதமாக ஓடியது. அதே மூன்று வினாடியை அமெரிக்காவில் படமாக்கினால் அதிகாரிகள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள்.

சங்க அதிகாரிகள், தேசியப் பயிற்சியாளர்கள் கதையும் இதோடு சேர்ந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்யுத்த வீராங்கனை கீதா போகத்தின் கதையான ‘தங்கல்’ படத்தில், இறுதிப் போட்டி நேரத்தில் தேசிய கோச் கீதாவின் அப்பாவை அறையில் வைத்துப் பூட்டவைக்கிறார். அப்படி நடக்கவே இல்லை. 2010 காமன்வெல்த் இறுதியில் கீதா போகத் ஆஸ்திரேலிய வீராங்கனையை எளிதாகவே வென்றார். எளிதாக வென்றால் படத்துக்கு உச்சக்கட்டம் ஏது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தச் சமயத்தில் நிஜமாகவே கோச்சாக இருந்த மனிதர் மறுநாள் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமே.

சரி, தப்பு செய்த நடுவர் பற்றிப் பேசுவோம். நானே செய்திருக்கிறேன். பள்ளிப் பையன்களின் ஒரு இறுதி ஆட்டம். சத்தம் கேட்டது, விக்கெட் கீப்பர் பிடித்தான், விரலைத் தூக்கிவிட்டேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பந்துவீசியவனே வந்து, ‘சார், அது பேடு பக்கிள் சத்தம்’ என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கோட்டு மாட்டும்போது கை ஒரு நொடி நின்றது.

அதனால்தான் ஜிம் ஜாய்ஸ் கதை என்னை விடுவதில்லை. 2010 ஜூன் 2, அமெரிக்க பேஸ்பால். டெட்ராய்ட் அணியின் பந்துவீச்சாளர் கலராகா 26 பேரை ஒருவர் விடாமல் வரிசையாக வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒருவர் போனால் அவர் பெயர் வரலாற்றில். அந்த 27-வது ஆள் அவுட். அம்பயர் ஜாய்ஸ் அவுட் இல்லை என்றார். ஆட்டம் முடிந்து ரீப்ளேயைப் பார்த்தவர், தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொண்டு அழுதார். மறுநாளும் அவருக்கு அதே மைதானத்தில் வேலை. ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தது கலராகாவேதான். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். இதில் வில்லன் யார்?

நமக்கும் ஆள் இருக்கிறார். வெங்கட்ராகவன். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணியின் கேப்டன். ஆடியது 57 டெஸ்ட், அம்பயராக நின்றது 73. ஆடிய நாளைவிட, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நாள் அதிகம். கேப்டன்களுக்கும் கோப்பைகளுக்கும் படம் வந்துவிட்டது, இந்த வாழ்க்கையை இன்னும் யாரும் தொடவில்லை. யாராவது இயக்குநர் உங்கள் இதழைப் படித்தால், பந்துவீச்சாளர் முனையில் ஸ்டம்புக்குப் பின்னால் கேமராவை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று காட்டித்தர நான் தயார். சம்பளம் வேண்டாம். வெள்ளைக் கோட்டு என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய அம்பயர் ஒருவர்