ஹட்டன் கலந்துரையாடலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

கடந்த ஞாயிறு எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வந்த, உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் விதிமுறைகளை மீறியதால் அரச காப்புறுதிப் பணத்தை இழக்கும் வைத்தியசாலைகள் எப்படித் தாக்குப் பிடிக்கின்றன என்பதுதான் தலைப்பு. அரச ஆஸ்பத்திரியில் காசு கட்டாமல் மருந்தெடுக்கும் நமக்கு இது எதற்கு என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்படிக் கேட்டுவிட்டும் மழையில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு முதல் நன்றி.

அடுத்தது, கலிபோர்னியாவில் தாதியாக வேலை செய்யும் நம்ம பொகவந்தலாவைத் தங்கச்சிக்கு. அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம். தூக்கத்தை விட்டுவிட்டு வீடியோவில் வந்து விளக்கினார். அந்த அரச காப்புறுதியின் பெயர் மெடிகெயார், 1965இல் சட்டமான திட்டம். முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களின் வைத்தியச் செலவை அரசு ஏற்கிறது. நோயாளிகளின் உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகப் பரிசோதகர்கள் கண்டால், 23 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணம் நின்றுவிடும்.

அவர் சொன்ன லொஸ் ஏஞ்சலிஸ் கதைதான் கூட்டத்தை உலுக்கியது. 1965ஆம் ஆண்டு அந்நகரின் வொட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்காகக் கட்டப்பட்டு 1972இல் திறந்த வைத்தியசாலை, மார்ட்டின் லூதர் கிங் பெயரில். 2007 மே மாதம், அவசர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் தரையில் கிடந்து துடித்த ஒரு பெண் கவனிப்பாரில்லாமல் இறந்துபோனார். ஓகஸ்டில் பரிசோதனையிலும் தோற்றது. சுமார் 200 மில்லியன் டொலர் அரச பணம் போனது, வாட்டுகளை மூடிவிட்டார்கள். புது நிர்வாகத்தின் கீழ் சிறிய வைத்தியசாலையாக மறுபடி திறந்தது 2015இல்.

"அந்த எட்டு வருஷமும் சனம் எங்க போச்சு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். பிரசவ வலியோடு தோட்டத்து லொறியில் டிக்கோயாவுக்குப் போன தன் கதையையும் சொன்னார். அம்மா, உங்களுக்குத் தனி நன்றி. அதுவரை அமெரிக்கச் செய்தி கேட்பது போல இருந்தவர்கள் அப்புறம்தான் வாய் திறந்தார்கள்.

கணக்கு விவரங்களைத் திரட்டித் தந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயாவுக்கும் நன்றி. வொஷிங்டன் மாநிலத்தின் வெஸ்டர்ன் ஸ்டேட் மனநல வைத்தியசாலை 2018இல் ஆண்டுக்குச் சுமார் 53 மில்லியன் டொலரை இழந்தும் மூடப்படவில்லை. மாநில அரசு செலவைத் தாங்கியது. டலஸ் நகரின் பார்க்லண்ட் வைத்தியசாலை வேறு வழி பார்த்தது. பணம் நிற்பதற்கு முன்பே, 2011இல் மத்திய அரசோடு திருந்துவதற்கான ஒப்பந்தம் போட்டு, வெளி ஆலோசகர்களை உள்ளே விட்டு, 2013இல் தேறியது. எனக்குப் பட்டது இதுதான்: திருந்தும் காலத்தில் செலவை யார் சுமப்பது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

"அப்ப தப்பு செஞ்சவனுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்றீங்களா?" என்று ஒரு தம்பி மடக்கினார். தோட்ட டிஸ்பென்சரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா பதில் சொன்னார்: "கண்காணிப்பைக் குறைக்கச் சொல்லல. மருந்தும் ஆளும் இல்லாத இடத்துல யாரைத் திருத்துவீங்க?" தம்பி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நானும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மண்டபம் தந்த பாடசாலைக்கும், மின்சாரம் போனபோது ஓடித்திரிந்த தம்பிமாருக்கும், பிளேன்டீயும் ரொட்டியும் கொடுத்த அக்காமாருக்கும் நன்றி. கூட்டக் குறிப்புகளின் போட்டோக் கொப்பி வேண்டியவர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.