பேஸ்மென்ட் ஏசிய ராத்திரி அணைக்காதீங்க சார்

எஸ்டேட் ஆபீஸர் சாருக்கு வணக்கம்.

மூணு மெயில் போட்டாச்சு, நேர்லயும் வந்து நின்னாச்சு, அதனால கதைய முதல்ல இருந்து சொல்லல. போன வியாழக்கிழமையும் ராத்திரி எட்டு மணிக்கு மைக்ரோஸ்கோப் ரூம் ஏசிய நிறுத்திட்டாங்க.

பகல்ல லிஃப்ட் ஆடற ஆட்டத்துல எங்க வேலை நடக்காது, ராத்திரிதான் தோது. உயிரோட இருக்கற ஈ.கோலை பாக்டீரியாவோட வால சுத்தற மோட்டார பாக்கறோம் சார். உங்களுக்கு மோட்டார்னா டேங்க்குக்கு தண்ணி ஏத்தறது, இது குறுக்க அளந்தா சுமார் 45 நானோமீட்டர். அதுல மோட்பி-ன்னு ஒரு புரோட்டீன், அது கூட பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பிங்கற இன்னொரு புரோட்டீன சேத்து வச்சு லேசர் அடிச்சா, ஒவ்வொண்ணும் கொஞ்ச நேரம் மின்னிட்டு பட்டுனு அணைஞ்சுடும். ஒண்ணு அணைஞ்சா வெளிச்சம் ஒரு படி இறங்கும், அந்த ஒரு படியோட அளவு தெரிஞ்சா ஆரம்ப வெளிச்சத்துல எத்தனை படி இருந்துச்சுன்னு வகுத்து பாத்துடலாம். 2006-ல ஆக்ஸ்போர்டுல இப்படித்தான் ஒரு மோட்டாருக்கு சுமார் 22 மோட்பின்னு எண்ணினாங்க.

ஏசி நின்னா? ரூம் சூடேறும், கூடவே மைக்ரோஸ்கோப்போட உலோகமும் நீளும். 10 சென்டிமீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினா ஏறக்குறைய 2,300 நானோமீட்டர் நீளும். அதுல கால்வாசி நகந்தாலே ஃபோகஸ் காலி. வெளிச்சம் படிப்படியா இறங்காம சறுக்குமரம் மாதிரி வழுக்கிட்டு போகும், ஜிஎஃப்பி அணைஞ்சுதா ஃபோகஸ் போச்சான்னு பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது. "இன்னொரு தடவ எடுங்களேன்"னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அணைஞ்சது அணைஞ்சதுதான் சார், டியூப்லைட்டா மாட்டி விட? காலைல இருந்து வளத்த செல் மொத்தமும் குப்பைக்கு போச்சு.

கரண்ட் மிச்சம் பிடிக்கணும், ஒத்துக்கறேன். ஆனா ஆளே இல்லாத கான்ஃபரன்ஸ் ஹால் 18 டிகிரில குளுகுளுன்னு கிடக்கே, அந்த நாற்காலிங்களுக்கு வேர்க்குமா? வெளியூர் விஐபி வந்தா மட்டும் நம்ம பெருமைன்னு எங்க ரூமத்தான் காட்டறீங்க, முந்தின ராத்திரி மட்டும் ஏசி விடிய விடிய ஓடுது, எப்படி சார்?

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஒரு ரூம் ஏசிய மட்டும் ராத்திரி அணைக்காதீங்க. செக்யூரிட்டி அண்ணன் கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஸ்விட்ச் மேல நான் ஒட்டின பேப்பர மூணாவது தடவையா கிழிச்சுட்டாங்க.

இப்படிக்கு,
பேஸ்மென்ட்ல வேர்த்துக்கிட்டு இருக்கற ஒரு ரிசர்ச் ஸ்காலர்